வைப்ராட்டோ: மேக்னடோன் பொருளறிந்து எழுதிய சொல்

வைப்ராட்டோ என்பது, நீட்டி ஒலிக்கும் ஒரு சுரம் தன் நிலையிலிருந்து மேலும் கீழுமாகச் சிறிதளவு, சீரான வேகத்தில் அசைந்துகொண்டே இருப்பதைக் குறிக்கும் சொல். இதனோடு ஓயாமல் குழப்பிக்கொள்ளப்படும் ட்ரெமலோ என்பது, சுரம் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் ஒலியளவு மட்டும் கூடுவதும் குறைவதுமாக இருப்பது. முன்னதில் மாறுவது அதிர்வெண். பின்னதில் மாறுவது வீச்சு. வேறுபாடு இவ்வளவு தெளிவானது என்றாலும், மின்கிதார் உலகில் இவ்விரு சொற்களும் 1950களிலிருந்தே இடம் மாறிக் கிடக்கின்றன. அந்தக் குழப்பத்துக்கு நடுவே வைப்ராட்டோ என்ற சொல்லை அதன் உண்மையான பொருளில் தன் கருவிகளில் நிறைவேற்றிக் காட்டியது, கிதார் ஒலியைப் பெரிதாக்கும் பெருக்கிகளைச் செய்த மேக்னடோன் என்ற அமெரிக்க நிறுவனம்.

இரண்டுமே இத்தாலிய மொழியிலிருந்து வந்தவை. வைப்ராட்டோவின் வேர், அசைத்தல், ஆட்டுதல் என்ற பொருளுடைய ‘விப்ராரே’ என்னும் லத்தீன் வினை. ட்ரெமலோவின் வேர், நடுங்குதல் என்ற பொருளுடைய ‘ட்ரெமெரே’. வேர்ச்சொற்களை மட்டும் பார்த்தால் அசைவுக்கும் நடுக்கத்துக்கும் பெரிய தூரம் இல்லை, குழப்பத்தின் விதை அங்கேயே இருக்கிறது. ஆயினும் ஐரோப்பிய இசைப் பயிற்சி இரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. வயலின்காரரின் இடக்கை விரல் தந்தியின் மேல் ஆடினால் அது வைப்ராட்டோ. வலக்கை வில்லை ஒரே சுரத்தில் படபடவென முன்னும் பின்னும் இழுத்தால் அது ட்ரெமலோ.

பிரித்து வைத்ததைக் கலைத்ததில், அமெரிக்க மின்கிதார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டருக்குப் பெரும் பங்கு உண்டு. 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில், தந்திகளின் இழுவிசையை மாற்றிச் சுரத்தை வளைக்கும் கைப்பிடிக்கு அவர் ட்ரெமலோ என்று பெயரிட்டார். பின்னர் 1960களில் வந்த அவருடைய புகழ்பெற்ற பெருக்கிகளில், ஒலியளவை மட்டும் கூட்டிக் குறைக்கும் பகுதியின் மேல் வைப்ராட்டோ என்று அச்சிட்டார். ஒன்றைத் தவறாகச் சொல்லியிருந்தால் சறுக்கல் என்று விட்டுவிடலாம். இரண்டையும் துல்லியமாகத் தலைகீழாக்கியது ஒரு தனிச் சாதனைதான். அவருடைய கருவிகள் எங்கும் பரவியதால், அவர் இட்ட பெயர்களும் அவற்றோடு சேர்ந்தே பரவின.

மேக்னடோன் இதற்கு நேர்மாறு. டிக்கர்சன் சகோதரர்களின் தொழிலாகத் தொடங்கி, 1940களில் மேக்னா எலக்ட்ரானிக்ஸ் என்று பெயர் பெற்ற கலிஃபோர்னிய நிறுவனம் அது. அதன் வடிவமைப்பாளர் டான் போன்ஹாம் உருவாக்கிய மின்சுற்று 1957 முதல் அதன் பெருக்கிகளில் இடம்பெற்றது. அச்சுற்றின் உயிர்நாடி வேரிஸ்டர்; அதாவது, தன்மேல் விழும் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் சிலிக்கான் கார்பைடு உறுப்பு. மெதுவாக ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தத்தை அதற்குக் கொடுத்தால், அந்த வழியே செல்லும் கிதார் ஒலியலையின் கட்டம், அதாவது அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம், இடைவிடாமல் முன்னும் பின்னும் நகர்கிறது. கட்டம் நகர்ந்துகொண்டிருக்கும் வரையில் அதிர்வெண் மாறித்தான் ஆக வேண்டும். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதற்கு ஒப்பான நிகழ்வு இது. விரலை அசைக்காமல், கைப்பிடியைத் தொடாமல், சுரமே ஆடியது. ராக் இசைப் பாடகர் பட்டி ஹாலி வைத்திருந்தது இவ்வகைப் பெருக்கிகளில் ஒன்றான கஸ்டம் 280. கிதார் கலைஞர் லானி மேக்கின் கிதார் ஒலியில் நீரோட்டம்போல் கேட்கும் அசைவும் மேக்னடோன் தந்ததே.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ‘மேக்னா’ லத்தீனில் பெரியது. ‘டோன்’ என்பது இழுத்துக் கட்டப்பட்டது என்னும் பொருளுடைய ‘டோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பெருந்தொனி என்று பெயர்த்தால் அழகாகவே இருக்கிறது. ஆனால் நம் ‘தொனி’ வடமொழி ‘த்வனி’யின் திரிபு, டோனுக்கும் தொனிக்கும் உள்ள ஒலி ஒற்றுமை தற்செயலானது, உறவு அன்று.

நிறுவனம் கைமாறி, இடம் மாறி, 1970களுக்குள் சந்தையிலிருந்து மறைந்தது. 2013இல் டெட் கோர்ன்ப்ளம் அப்பெயரை செயின்ட் லூயிஸ் நகரில் மீட்டெடுத்தார். பழைய பெயரை வாங்கி எந்தப் பெட்டியின் மேலும் ஒட்டிவிடலாம்; புதிய உரிமையாளர் அப்படிச் செய்யாமல், சுரத்தை அசைக்கும் சுற்றையே மீண்டும் கட்டினார் என்பதால்தான் இந்த மறுபிறப்பு சொல்லாராய்ச்சிக்கும் பொருளாகிறது. புதிய மாதிரிகள் சிலவற்றில் இருவகை அசைவும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கான விசையில் எஃப்.எம்., ஏ.எம். என்ற வானொலி எழுத்துகளே காணப்படுகின்றன. அதிர்வெண் பண்பேற்றம், வீச்சுப் பண்பேற்றம் என்று நம் இயற்பியல் பாடநூல்கள் சொல்பவை அவையே. குழம்பிப்போன இரண்டு சொற்களுக்கு மேல் இதைவிடத் தெளிவான உரை எழுத முடியாது.

தமிழில் என்ன சொல்வது? ‘அதிர்வு’ பொருந்தாது, எல்லா ஒலியும் அதிர்வுதான். கர்நாடக இசையில் சுரத்தை அசைத்து அழகூட்டும் கமகங்களில் ஒன்றின் பெயரான ‘கம்பிதம்’ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கம்பித்தல் என்றால் நடுங்குதல், ஆகவே அகராதிப் பொருளில் அது ட்ரெமலோவுக்கு நிகர். காதால் கேட்டாலோ சுரம் அசைவதால் வைப்ராட்டோவுக்கு நிகர். இங்கும் அதே குழப்பம்! அதோடு, கம்பிதம் இராகத்தின் இயல்பறிந்து பாடுபவர் தரும் அசைவு. எந்தச் சுரமானாலும் ஒரே வேகத்தில் ஆட்டும் மின்சுற்றுக்கு அந்தப் பெயரைக் கொடுப்பது கமகத்துக்குச் செய்யும் அநீதி. ‘சுருதியலைவு’ என்றும் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பாடுபவர்களுக்குச் சுருதி என்பது அசையக்கூடாத ஆதாரம், அது அலைந்தால் கச்சேரி கெட்டது. எனவே வைப்ராட்டோவைச் சுரவலைவு என்றும், ட்ரெமலோவை ஒலியளவலைவு என்றும் வழங்குவதே தகும். எது அலைகிறது என்பதைச் சொல்லே காட்டிவிடுவதால் இடம் மாற வழியில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கைப்பிடி, பெயர் எதுவானாலும், சுரம் வளைக்கும் கைப்பிடி.

எடுத்துக்காட்டு: ஃபெண்டர் பெருக்கியில் வைப்ராட்டோ என்று எழுதியிருக்கும் பகுதியில் கேட்பது ஒலியளவலைவு, மேக்னடோனில் அதே சொல்லின் கீழ் கேட்பது சுரவலைவு.