மிக வெளிர்ந்த சருமத்தில் ஃபவுண்டேஷன் ஏன் ஆரஞ்சாகத் தெரிகிறது?

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வெயில் பட்டால் கறுக்காமல் சிவந்து எரியும் சருமம் உள்ளவர்கள் ஏராளம். தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த அளவுகோலில் இது முதல் வகை. நம் ஊரில் அல்பினிசம் (பிறவியிலேயே தோலில் நிறமி குறைந்திருக்கும் நிலை) உள்ளவர்கள் பலருடைய சருமமும் இப்படித்தான். முகத்தின் நிறத்தைச் சீராக்கப் பூசும் ஃபவுண்டேஷனில், கடையில் உள்ளதிலேயே வெளிறிய ஷேடை வாங்கினாலும், முகம் ஆரஞ்சாகவோ ரோஸாகவோ கழுத்தோடு ஒட்டாமல் நிற்கும். உடனே அதைவிட வெளுப்பான ஒன்றைத் தேடிப் போவார்கள். அதற்கு முன்பு, கையில் இருக்கும் ஷேடில் மஞ்சளும் சிவப்பும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது நல்லது. தவறு பெரும்பாலும் அங்கேதான்.

ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் நான்கே நிறமிகளில் அடங்கிவிடுகிறது: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு, மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு மூன்று வகை இரும்பு ஆக்ஸைடுகள். லேபிளில் 77891, 77492, 77491, 77499 என்ற எண்களாக இவை இருக்கும். மிக வெளிர் ஷேடில் வெள்ளைதான் பெரும்பங்கு, மற்ற மூன்றும் துளித்துளியே. அதனால் சிவப்பு இம்மியளவு கூடினாலும் நிறம் கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடும்.

சருமத்தின் பக்கமும் ஒரு காரணம் உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் குறைவாக இருப்பதால் அடியில் ஓடும் ரத்தத்தின் நிறம் மேலே தெரிகிறது. கன்னமும் மூக்கும் சிவந்திருக்க, கழுத்து மட்டும் வெளிறியோ லேசான மஞ்சளாகவோ இருக்கும். கன்னத்தைப் பார்த்து ரோஸ் ஷேடு வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். கழுத்துக்கும் மார்பின் மேற்பகுதிக்கும் பொருந்துவதே சரியான ஷேடு. கன்னச் சிவப்பு அதற்குமேலும் உறுத்தினால் அங்கே மட்டும் சிவப்பை அடக்கும் பச்சை கரெக்டரை மெல்லியதாகத் தடவலாம். மணிக்கட்டு நரம்பு நீலமா பச்சையா என்று பார்த்து அண்டர்டோனை (தோலின் அடிச்சாயலை) தீர்மானிக்கும் வழக்கத்தை நம்ப வேண்டாம். இவ்வளவு வெளிர்ந்த தோலில் நரம்பு பெரும்பாலும் நீலமாகத்தான் தெரியும்.

பூசி அரை மணி நேரத்தில் நிறம் ஆழமாவதை 'ஆக்ஸிடைஸ் ஆகிவிட்டது' என்பார்கள். ஆனால் மஞ்சள், சிவப்பு நிறமிகளில் உள்ள இரும்பு ஏற்கெனவே முழுமையாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்தது. முகத்தில் வந்து மேலும் துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. பூசியபின் நீரும் ஆவியாகும் சிலிக்கோனும் பறந்துபோக, நிறமி நெருங்கி அமர்கிறது. முகத்தில் சுரக்கும் எண்ணெய் துகள்களின் இடுக்கில் உள்ள காற்றை வெளியேற்றி அங்கே நிறைகிறது. காற்று சூழ்ந்த துகள் ஒளியை அதிகம் சிதறடிக்கும், எண்ணெய் சூழ்ந்தது குறைவாகச் சிதறடிக்கும். நனைந்த துணி உலர்ந்த துணியைவிடக் கருமையாகத் தெரிவது இதனால்தான். எண்ணெய்ப் பசை உள்ளவர்களுக்கு மாற்றம் கூடுதலாக இருக்கும்.

ஆகவே புட்டியில் தெரியும் நிறத்தை வைத்து வாங்கக் கூடாது. புறங்கையில் தேய்த்துப் பார்ப்பதும் உதவாது. கன்னத்தின் கீழ்ப்பகுதியில் தொடங்கித் தாடையைத் தாண்டிக் கழுத்துவரை, பக்கம் பக்கமாக மூன்று ஷேடுகளைக் கோடாகப் போடுங்கள். 20 நிமிடம் காயட்டும். பிறகு பகலில் ஜன்னலோரம் நின்று பாருங்கள். கோடு எது என்று தேட வேண்டியிருந்தால் அதுதான் உங்கள் ஷேடு. கடை விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் பிரிந்து தெரியலாம் என்பதால் வெளியே வந்து பார்ப்பது கட்டாயம். ஃபிளாஷ் போட்டும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். டைட்டானியமும் சிலிக்கா பவுடரும் மிகுந்தால் முகம் சாம்பல் பூசியதுபோல விழும்.

பொருத்தமான ஷேடு கிடைக்கவே இல்லையென்றால் இருப்பதைத் திருத்தலாம். ஒரு தட்டில் ஐந்து சொட்டு ஃபவுண்டேஷனுக்கு ஒரு சொட்டு வெள்ளை மிக்ஸரில் (ஷேடைத் திருத்தக் கலக்கும் நிறமித் திரவம்) தொடங்குங்கள். வெள்ளை, நிறத்தை வெளிறச் செய்வதோடு லேசான நீலச்சாயலும் தரும். அளவு மீறினால் முகம் சுண்ணாம்பாகிவிடும். நிறம் வெளிறியும் ஆரஞ்சு போகவில்லையென்றால் தேவை நீல மிக்ஸர், அதுவும் குண்டூசித் தலையளவே. ரோஸ் மிகுந்தால் மஞ்சள். மாய்ஸ்சரைசர் கலந்தால் பூச்சு மெலியும், நிறமிகளின் விகிதம் அப்படியே இருக்கும். அதனால் சருமம் அடியில் தெரிந்து வித்தியாசம் மறையுமே தவிர, தவறான சாயல் திருந்தாது.

கலப்பதற்குமுன் லேபிளைப் பாருங்கள். சிலிக்கோன் வகையோடு நீர் வகை சேராமல் திரிந்துபோகும். முதலில் தண்ணீர் என்று இருந்தாலும் அடுத்தடுத்து டைமெத்திக்கோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் வந்தால் அதைச் சிலிக்கோன் வகையாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்தச் சருமத்துக்கு சன்ஸ்கிரீனைத் தவிர்க்கவே முடியாது. ஃபவுண்டேஷன் புட்டியில் உள்ள, வெயில் பாதுகாப்பைக் காட்டும் எஸ்பிஎஃப் எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. அவ்வளவு கனமாக யாரும் ஃபவுண்டேஷன் போடுவதில்லை. தனியாக சன்ஸ்கிரீன் பூசி, 10–15 நிமிடம் விட்டு அதன்மேல் ஃபவுண்டேஷனை ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். தேய்த்தால் அடியில் உள்ள படலம் திரண்டு உருளும், பாதுகாப்பும் அந்த இடத்தில் போய்விடும். சன்ஸ்கிரீன் வெண்படலம் விடுகிற ரகமாக இருந்தால் ஷேடு சோதிக்கும் நாளிலும் அதைப் பூசிக்கொண்டே கடைக்குப் போங்கள்.