புதுச்சேரி: பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு காலைப் பொழுது

புதுச்சேரிக்கு வருவோரில் பலர் கடற்கரைச் சாலையில் நடந்து, மஞ்சள் சுவரருகே படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே ஒரு காலைப் பொழுதையாவது செலவிடுங்கள் என்பதே சுற்றுலா வழிகாட்டியாகிய என் வேண்டுகோள்.

1761இல் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினர். ஆகவே கடலோரத்தில் நாம் வியந்து பார்க்கும் பிரெஞ்சு வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பின்னர் எழுந்தவை. ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையோ 1738ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் விளங்கி, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த அவரது வீட்டின் கீழ்த்தளத்தில் மரத்தூண்கள் சூழ்ந்த தமிழ் முற்றமும், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்வரிசையும் உள்ளன. முன் அனுமதி பெற்றே உள்ளே செல்ல வேண்டும்.

அங்கிருந்து வைசியாள் வீதி நடைதூரம்தான். தெருவை ஒட்டிய தாழ்வாரமும் அதன் உள்ளே திண்ணையுமாக வரிசை குலையாமல் நிற்கும் இவ்வீதியின் சீரமைப்புக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதை மறந்து, கேட்காமலே திண்ணையில் ஏறிப் படமெடுப்போரை அடிக்கடி பார்க்கிறேன். வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிய திண்ணைகளில் சில இன்று கம்பிக்கதவுக்குள் போய்விட்டதில் வியப்பில்லை.

நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள பண்டைத் துறைமுக இடமான அரிக்கமேட்டுக்குச் செல்வோர் முதலில் பாரதி பூங்கா அருகிலுள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும் மணிகள் செய்யும் தொழில் நடந்ததற்கான சான்றுகளும் கிடைத்தன. ஆனால் இன்று அங்கே கண்ணில் படுபவை மரங்களும், பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறித்தவ மடம் ஒன்றின் இடிந்த செங்கல் சுவர்களுமே. மழைக்குப் பின் மண்ணில் கண்ணாடி மணிகள் தலைகாட்டுவதுண்டு. அவற்றைப் பொறுக்கி எடுக்காதீர்கள். யாரேனும் விற்க வந்தாலும் வாங்காதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் என்பது ஒருபுறமிருக்க, கிடந்த இடத்தை விட்டு அகற்றப்பட்ட மணி ஆய்வாளருக்கு எதையும் சொல்லாது.

அருகிலுள்ள வீராம்பட்டினத்தில் ஆடி வெள்ளியன்று செங்கழுநீர் அம்மன் தேரோட்டம் நடைபெறும். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். உங்கள் பயணம் அந்நாளில் அமைந்தால் அரிக்கமேட்டை மறுநாளுக்குத் தள்ளிவைத்துவிட்டு, தேர் நிலையை விட்டு நகருமுன் ஊருக்குள் போய்விடுங்கள்.