பலூனை எப்போது நிறுத்துவது? துணிவை அளக்கும் ஒரு சோதனை

கணினித் திரையில் ஒரு பலூன். பொத்தானை அழுத்துந்தோறும் அது சற்றே பெருக்கிறது. தற்காலிகக் கணக்கில் 5 சென்ட் சேர்கிறது. வேண்டும்போது நிறுத்திப் பணத்தை நிலையான கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் பலூன் வெடித்தால் அதில் சேர்ந்தது முழுவதும் போய்விடும். அமெரிக்க உளவியலாளர் லெஜுவேஸும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட இந்தச் சோதனையில், பலூன் எப்போது வெடிக்கும் என்பது பங்கேற்பவருக்குச் சொல்லப்படுவதில்லை.

பரவலாகப் பயன்படும் வடிவத்தில், முதல் அழுத்தத்திலேயே வெடிப்பதற்கான வாய்ப்பு 128இல் 1. தப்பினால் அடுத்ததில் 127இல் 1. இப்படியே ஏறி, 128ஆவது அழுத்தத்தில் வெடிப்பு உறுதியாகிவிடுகிறது. இந்த அமைப்பில் 64ஆவது அழுத்தத்தோடு நிறுத்துபவருக்கு, பாதிப் பலூன்கள் வெடித்துப் போனாலும், பலூன் ஒன்றுக்குச் சராசரியாக 1.60 டாலர் கிடைக்கும். அதுவே உச்ச ஆதாயம். முப்பதில் நிறுத்துபவருக்கு ஏறத்தாழ 1.15 டாலர்தான். ஆயினும் பெரும்பாலோர் 64க்கு வெகு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். யார் எவ்வளவு முன்பே நிறுத்துகிறார் என்பதே இங்கு அளக்கப்படுகிறது.

மதிப்பெண் கணக்கிடுவதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. எண்பது முறை அழுத்த எண்ணியிருந்தவரின் பலூன் இருபதிலேயே வெடித்தால், அந்த இருபது அவருடைய துணிவைக் காட்டாது. ஆகவே வெடிக்காத பலூன்களின் சராசரியை மட்டுமே எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் வெடிக்காமல் தப்புபவை பெரும்பாலும் அவர் முன்னதாகவே நிறுத்திய பலூன்கள் என்பதால், இந்தச் சராசரியும் உண்மையைவிடக் குறைவாகவே நிற்கிறது. எத்தனை முறை ஊத வேண்டும் என்பதை ஒவ்வொரு பலூனுக்கும் முன்கூட்டியே எண்ணாகத் தெரிவிக்கச் செய்யும் வடிவம் 2008இல் வந்தது. இதனால் வெடித்தாலும் பங்கேற்பவரின் எண்ணம் பதிவாகிவிடுகிறது.

இதைவிட ஆழமான கேள்வி, அளக்கப்படுவது துணிவு மட்டும்தானா என்பது. வாய்ப்புகள் மறைக்கப்பட்டிருப்பதால், முந்தைய பலூன்களிலிருந்து எவ்வளவு விரைவாகக் கற்கிறார் என்பதும் மதிப்பெண்ணில் கலந்துவிடுகிறது. ஒருவரின் ஒற்றை மதிப்பெண்ணைக் கொண்டு அவரைத் துணிந்தவர் என்றோ தயங்குபவர் என்றோ முத்திரையிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாசல், பெர்லின் நகரங்களில் 1,507 பேரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியான பெரிய ஆய்வு, இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. அதில் 39 அளவீடுகள் ஒப்பிடப்பட்டன. தம்மைப் பற்றி மக்கள் எழுதித் தந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. ஆய்வகச் சோதனைகளோ தமக்குள்ளேயே மிகக் குறைவாகத்தான் ஒத்துப்போயின. ஆறு மாதங்களுக்குப் பிறகு அவர்களில் 109 பேரை மீண்டும் அளந்தபோதும், அதே நிலையில் நின்றவை பெரும்பாலும் சுயமதிப்பீட்டு விடைகளே. சோதனை மதிப்பெண்கள் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை.