ஆர்ச் பாலம் – வில்வளைவுப் பாலம்

அண்ணா நகர் ஆர்ச், கோயில் வாசல் ஆர்ச், ஆர்ச் பாலம் என்று நாம் சொல்லும் ‘ஆர்ச்’ ஆங்கிலம் வழியாக வந்தது. அதன் வேர், லத்தீன் மொழியின் ‘ஆர்கஸ்’. வில் என்று பொருள். கட்டட வேலையில் வழங்கும் ‘கமான்’ பாரசீகச் சொல். அதற்கும் வில் என்றுதான் பொருள்!

அப்படியிருக்க, தமிழில் மட்டும் ஏன் வெறும் ‘வளைவு’ என்று நிறுத்திக்கொள்ள வேண்டும்? மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவும் வளைவுதானே. ‘வில்வளைவு’ என்றால் உருவம் உடனே கண்முன் வந்துவிடும். பள்ளிக் கணக்கில் வட்டத்தின் சுற்றுக்கோட்டில் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளைச் சேர்க்கும் கோட்டை நாண் என்றும் படித்திருக்கிறோம். ஆர்க் வெல்டிங்கின் ‘ஆர்க்’கும் அதே லத்தீன் வேரில் வந்ததுதான், பாடநூல்கள் அதை மின்வில் என்கின்றன. வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது.

அப்படியொரு வில்வளைவுப் பாலத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் மெர்சி ஆற்றின் தென்கரையில் ரன்கார்ன் நகரம், வடகரையில் விட்னஸ். 1905 முதல், உயரத்திலிருந்து தொங்கி நகரும் மேடையில் ஏற்றித்தான் வண்டிகளை அக்கரை சேர்த்தார்கள். அதற்குப் பதிலாக முதலில் தொங்குபாலத்தைத்தான் யோசித்தார்கள். ஆனால் பக்கத்திலேயே ரயில் பாலம் நிற்கிறது. அதைத் தாண்டி வரும் காற்றில் தொங்குபாலம் பலமாக ஆடும் என்று மாதிரிச் சோதனைகள் காட்டின. ஆகவே எஃகு வில்லை வளைத்தார்கள். 1961இல் திறந்த அந்தப் பாலத்தின் நடுக்கண், அதாவது வில்லின் இரு கால்களுக்கும் இடைப்பட்ட தூரம், 330 மீட்டர். சாலை அந்த வில்லிலிருந்து கம்பிவடங்களில் தொங்குகிறது. 1977இல் அரசி இரண்டாம் எலிசபெத்தின் ஆட்சி வெள்ளி விழாவையொட்டி அதற்கு வெள்ளி விழாப் பாலம் என்று பெயரிட்டார்கள்.

பாரம் ஏறும்போது வில்வளைவு அமுங்கும். அதன் கால்கள் வெளியே விரியப் பார்க்கும். இரு கரை அடித்தளங்களும் எதிர்த்துத் தள்ளி நிறுத்தும். சில பாலங்களில் கரையை நம்பாமல், இரு கால்களையும் குறுக்கே இழுத்துக் கட்டிவிடுவார்கள். நாணேற்றிய வில்லேதான்! அதை ‘நாண்வில் பாலம்’ எனலாம் என்பது என் பரிந்துரை.

சரி, ‘ஸ்டீல்’ என்பதற்கு எஃகா, உருக்கா? இலங்கைத் தமிழில் உருக்கு பெருவழக்கு. உருக்கி எடுப்பதால் வந்த பெயர். பழந்தமிழில் எஃகு கூரிய படைக்கலத்தையும் குறித்தது. இரண்டும் நல்ல தமிழ்தான்: எஃகு வில்வளைவுப் பாலம், உருக்கு வில்வளைவுப் பாலம்.