வெந்த முருங்கைக்காய்ப் பதம்

போன மாதம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், மாடித்தோட்டப் பந்தலுக்காகத் தானே வளைத்த பிவிசி பைப்பை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வளைவின் உள்பக்கம் சப்பையாக மடங்கியிருந்தது. வெளிப்பக்கம் கருகியிருந்தது. "கேஸ் அடுப்பில்தான் காட்டினேன். இரண்டு நாளாகத் தொண்டை கமறுகிறது" என்றார். முதலில் டாக்டரைப் பாருங்கள், பைப் எங்கேயும் ஓடிவிடாது என்றேன்.

பிவிசி 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். 110 முதல் 130 வரை வளைக்கத் தோதான சூடு. 200ஐ நெருங்கினால் பிளாஸ்டிக்கே சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தோடு அது சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளியலறைத் தரை கழுவ வாங்குகிறோமே, அந்த ஆசிட். அடுப்புச் சுடரோ ஆயிரம் டிகிரியைத் தாண்டியது. பைப் பழுப்பேறியதென்றால் அந்த வாயுவை ஏற்கெனவே சுவாசித்தாயிற்று என்று பொருள்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அதன் மூக்கில் 500 டிகிரிக்கு மேலும் வரும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பைப்பை உருட்டிக்கொண்டே, வாசல்பக்கம் காற்றோட்டத்தில் நின்று காட்ட வேண்டும். வெந்த முருங்கைக்காய்போலத் துவண்டதும் சூட்டை நிறுத்தி, பலகையில் அடித்த ஆணிகளுக்கு அணைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் போதும்.

உள்ளே மணல் நிரப்பினால் பைப் சப்பையாகாது. ஆனால் மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தொழில் பழகிய காலத்தில் ஈர மணலைப் போட்டு இரண்டு முனையையும் மூடியால் இறுக்கிவிட்டேன். நீராவி முட்டி, ஒரு மூடி பிய்த்துக்கொண்டு தகரக் கூரையில் போய் மோதியது. என் முகம் அந்தப் பக்கம் இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து துணிச்சுருள்தான் அடைக்கிறேன்.

கண்ணாடிபோல் இருக்கும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கின் குணம் வேறு. 150 டிகிரிக்கு மேல் சூடு கேட்கும். மின்சாரத்தில் சூடேறும் நிக்ரோம் கம்பி பூட்டிய பட்டைச் சூடேற்றியின் மேல் ஷீட்டை திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய ஷீட் என்றால் உள்ளே குமிழ் குமிழாகப் பொங்கும். தீச்சுடர் பட்டால் பற்றி எரிந்து சொட்டும். அவசரமாக வளைத்ததில் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடும். கொரோனா காலத்தில் கடை மேசைகளில் வைத்த தடுப்புகளைச் சானிடைசரால் துடைத்துத் துடைத்து, வளைவில் மட்டும் தலைமுடிபோல் விரிசல் விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆல்கஹால் பட்டதும் அந்த இறுக்கம் விரிசலாக வெளிப்பட்டது.

இன்ன பிளாஸ்டிக் என்று தெரியாததைச் சூடாக்கவே மாட்டேன். உருகியது கையில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், தோலும் கூடவே வரும். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பந்தலுக்கு வேறு பைப் வளைத்துக் கொடுத்தேன். மோட்டார் லைனுக்கும் இப்படியே ஒன்று வளைத்துத் தரக் கேட்டார். வளைவின் வெளிச்சுவர் மெலிந்துவிடும், அழுத்தம் ஏறினால் அங்கேதான் கிழியும் என்று சொல்லி, வளைவாகவே வார்த்த இணைப்பான எல்போ வாங்கிக்கொள்ள அனுப்பிவைத்தேன்.