ஓடாத ஃபெராரியை வாங்குமுன்: ஜப்பானிலிருந்து பிரிட்டனுக்குக் கார் கொண்டுவர நினைப்போருக்கு

இங்கிலாந்தில் இத்தாலிய கார்களை மட்டும் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். வாங்க நினைப்பவருக்காகக் காரை முன்கூட்டியே சோதித்து அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. நம்மவர்களும் இப்போது நிறையவே கூப்பிடுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "அண்ணா, ஃபெராரி எஃப்355, 97 மாடல், ஜப்பானில் நிற்கிறது. 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. வாங்கலாமா?"

அந்த 14,000 என்ற எண்தான் வாங்குபவரை ஏமாற்றுகிறது. கார் குறைவாக ஓடியிருந்தால் புதுசு மாதிரி இருக்கும் என்று மனசு சொல்லும். முப்பது வருடத்தை நெருங்கும் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. குறைந்த கிலோமீட்டருக்காகக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு, அது ஓடாமல் நின்றதற்காக இன்னொரு முறை பணம் கட்டியவர்களை வேலையில் தொடர்ந்து பார்க்கிறேன்.

ஜப்பான் ஏன் என்று கேட்கலாம். எண்பதுகளின் கடைசியில் அங்கே பணம் பெருகிய காலத்திலிருந்தே இத்தாலிய கார்கள் அங்கு நிறையப் போயின. பலர் அவற்றை மூடிய இடத்தில் வைத்து வார இறுதியில் மட்டும் எடுத்தார்கள். சில ஆண்டுகளாக யென் மதிப்பு இறங்கியிருப்பதால் பவுண்டில் கணக்குப் போடும்போது விலையும் கவர்ச்சியாகத் தெரிகிறது. நல்ல கார்கள் அங்கே இருப்பது உண்மை. ஆனால் ஜப்பானில் விற்ற ஃபெராரிகளில் பெரும்பாலானவை இடப்பக்க ஸ்டியரிங் கொண்டவை. பிரிட்டனில் நாளைக்கு விற்கப்போனால் வலப்பக்க ஸ்டியரிங் காருக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைக்காது. வாங்கும்போது மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஃப்355 1994 முதல் 1999 வரை உற்பத்தியானது. 3.5 லிட்டர் வி8 எஞ்சின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 380 குதிரைத்திறன், 8,500 வரை சுற்றும். பினின்ஃபரினா வரைந்த உடல். ஓட்டிப் பார்த்தவர்கள் அந்தச் சத்தத்தை மறக்க மாட்டார்கள். எனக்கும் அந்தக் கார் மீது தீராத பிரியம் உண்டு. அதனால்தான் இதைச் சொல்கிறேன்: அந்த எஞ்சினின் நாற்பது வால்வுகளையும் பிஸ்டனோடு மோதாமல் வைத்திருப்பது டைமிங் பெல்ட். ரப்பர் பெல்ட்டுக்கு ஓடிய தூரமும் கணக்கு, கடந்த காலமும் கணக்கு. மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதுதான் இத்துறையில் எல்லோரும் பின்பற்றும் வழக்கம். கார் நின்றுகொண்டே இருந்தால் பெல்ட் கப்பியைச் சுற்றி ஒரே இடத்தில் வளைந்தபடி இறுகிப்போகிறது. அது அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வுகள் வளையும். சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும்.

355-ல் பெல்ட் மாற்றுவதற்கு எஞ்சினையும் கியர்பாக்ஸையும், அவற்றைத் தாங்கும் சப்ஃபிரேமோடு சேர்த்துக் கீழ்வழியாக இறக்குகிறோம். செலவு பல ஆயிரம் பவுண்டு. எஞ்சின் கீழே வந்துவிட்டால் கிளட்ச், தண்ணீர் ஹோஸ்கள், கேம்ஷாஃப்ட் சீல்கள் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஆகவே பில் இன்னும் ஏறும். அதற்கடுத்து 1999-ல் வந்த 360 மொடேனாவில் சீட்டுகளுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றி, எஞ்சினை இறக்காமலே பெல்ட் மாற்றலாம். 2004-ல் வந்த எஃப்430-ல் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஃபெராரி என்றாலே எஞ்சினை இறக்க வேண்டும் என்று பயந்து பின்வாங்குபவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

நின்ற காரில் பழுதாவது பெல்ட் மட்டுமல்ல. பெட்ரோல் ஹோஸ் காய்ந்து வெடிக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் கார் முழுவதும் எரிந்துபோகும். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காலிப்பர் பிஸ்டன் இறுகும். டேங்க்கில் கிடந்த பழைய பெட்ரோல் இன்ஜெக்டரை அடைக்கும். டயரில் வரிப்பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசியாக வரும் நான்கு இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2308 என்று இருந்தால் 2008-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. அந்த டயரில் மோட்டார்வேயில் ஏறக்கூடாது. விளம்பரத்தில் எத்தனை படம் இருந்தாலும் இந்த ஒரு படம்தான் காரை எப்படிப் பராமரித்தார்கள் என்று எனக்கு முதலில் சொல்லும்.

ஒரே நேரத்தில் இரண்டு 355-களை எங்கள் லிஃப்டில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. ஒன்று ஜப்பானிலிருந்து வந்தது, 20,000 கிலோமீட்டருக்கும் குறைவு, பெயின்ட் கண்ணாடி மாதிரி. கடைசியாகப் பெல்ட் மாற்றியதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. டயர்கள் பதினைந்து வருடத்துக்கு மேல் பழையவை, கேம் சீல்கள் எல்லாம் கசிவு, டேஷ்போர்டு தோல் சுருங்கி முன்கண்ணாடி ஓரத்தில் மேலெழும்பியிருந்தது. மற்றது பிரிட்டனிலேயே இருந்தது, அறுபதாயிரம் மைல் ஓடியது, முன்பக்கம் முழுக்கக் கல்லடித் தழும்பு. ஆனால் அதன் கோப்பு இரண்டு கை பிடிக்கும் கனம். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ரசீது. இரண்டாவதன் விலை முதலாவதைவிட நிறையக் குறைவு. எனக்குக் கொடுத்தால் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

355-க்கே உரிய இரண்டு நோய்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி. குழாய்க்குள் குழாயாக இரட்டை அடுக்கு என்பதால் உள்குழாய் வெடித்தாலும் வெளியே தெரியாது. சூடு வால்வுப் பக்கம் திரும்பி எஞ்சினைக் கெடுக்கும். பல கார்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேனிஃபோல்டு மாற்றியிருப்பார்கள். அது நல்ல செய்திதான். இரண்டாவது வால்வு கைடு, அதாவது வால்வு நேராக ஏறி இறங்கப் பிடித்திருக்கும் குழல். ஆரம்பகாலக் கார்களில் இருந்த வெண்கலக் கைடுகள் சீக்கிரம் தேயும். ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை, அளவுக்கு மீறி எண்ணெய் குடிப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் சோதனையும் (உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது), லீக்டவுன் சோதனையும் (அழுத்திய காற்று எவ்வளவு கசிகிறது) செய்து எண்களை எழுத்தில் வாங்காமல் 355-க்கு முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். கதவுக்குப் பின்னால் கூரையிலிருந்து இறங்கும் தூண்களின் அடியில் துருக் குமிழ் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் சொல்லுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பட்டன்கள் பிசுபிசுவென்று ஒட்டுவது எல்லாக் கார்களிலும் உண்டு. சரிசெய்துவிடலாம், அதற்காக நல்ல காரை விட வேண்டாம்.

360-ல் கேட்க வேண்டியவை வேறு. ஆரம்ப ஆண்டுகளில் செய்த கார்களில் வால்வு திறக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் கேம்ஷாஃப்ட் வேரியேட்டர்களை மாற்ற ஃபெராரி திரும்ப அழைத்தது. அந்த வேலை நடந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அதிகாரபூர்வ டீலரிடம் கேட்கலாம். கிளட்ச் பெடல் இல்லாத எஃப்1 கியர்பாக்ஸ் என்றால் கிளட்ச் எவ்வளவு தேய்ந்தது என்பதை எஸ்டி2 என்ற ஃபெராரி சோதனைக் கருவி வைத்துச் சதவீதமாகப் படிக்கலாம். முன்பு கிளட்ச் மாற்றியவர் அளவைச் சரியாகப் பதியாவிட்டால் அந்த எண்ணே பொய் சொல்லும், ஆகையால் கிளட்ச் ரசீதையும் கேளுங்கள். சிவப்பு மாஸ்டர் சாவி, குறியீட்டு அட்டை, டூல் கிட், தோல் உறையோடு கையேடுகள் எல்லாம் கூட வருகின்றனவா என்றும் கேளுங்கள். கடல் தாண்டி வந்தபின் தொலைந்த சாவிக்காகப் பழைய உரிமையாளரைத் தேட முடியாது.

இனி ஜப்பான் காகிதங்கள். ஏலத்தில் வரும் காருக்கு ஏலத் தாள் ஒன்று இருக்கும். கார் படத்தின் மேல் ஏ, யூ, டபிள்யூ, எக்ஸ்எக்ஸ் போன்ற குறிகள். ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் சரிசெய்த இடம், எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். மொத்த மதிப்பெண் இருக்கும் இடத்தில் ஆர் என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுப் பழுதுபார்த்த கார். ஜப்பானிய மொழியில் கையால் எழுதிய குறிப்புகளில்தான் உண்மையான விஷயம் இருக்கும். தரகர் சொல்லும் சுருக்கத்தை நம்பாமல் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் தனியாகக் காசு கொடுத்து முழுவதையும் மொழிபெயர்த்து வாங்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். அந்தத் தாள் உடலையும் உள்பக்கத்தையும் பற்றியது. ஏலக்கூடத்தில் பெல்ட்டைத் திறந்து பார்ப்பதில்லை, லீக்டவுன் செய்வதில்லை. 4.5 என்ற நல்ல மதிப்பெண் வாங்கிய காரின் எஞ்சின் எந்த நிலையிலும் இருக்கலாம்.

கிலோமீட்டர் உண்மையா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. ஜப்பானில் பழைய கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஷாகென் என்ற கட்டாயச் சோதனை. சோதனையின்போது கார் ஓடிய தூரம் சான்றிதழில் பதிவாகும். அதோடு பராமரிப்புப் பதிவேடு ஒன்றும் காரோடு பயணிக்கும். ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கியதற்கான சான்றிதழும் வரும்; பிரிட்டனில் பதிவு செய்ய அது வேண்டும். தேதிகளையும் தூரத்தையும் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஷாகென் இல்லாமல் கார் எத்தனை வருடம் படுத்திருந்தது என்பதும் அப்போது தெரிந்துவிடும். எனக்கு அந்த இடைவெளிதான் முக்கியம்.

வரி விஷயத்தில் பலரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். ஜப்பானோடு பிரிட்டனுக்கு வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால் சுங்கம் குறையும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சலுகை ஜப்பானில் செய்த பொருளுக்கு. இத்தாலியின் மாரனெல்லோவில் ஃபெராரி செய்த கார் யோகோஹாமாவிலிருந்து கப்பல் ஏறியதால் ஜப்பானியப் பொருளாகிவிடாது. சுங்க வரி 10 சதவீதம், அதற்கு மேல் வாட் 20 சதவீதம். கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்துக் காரின் மதிப்பு 60,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்கம் 6,000, வாட் 66,000-க்குக் கணக்கிட்டு 13,200. கைக்கு வரும்போது 79,200.

அதே கார் 30 வயதைத் தாண்டி, மாடல் உற்பத்தி நின்று, சேஸிஸ், ஸ்டியரிங், பிரேக், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றமில்லாமல் அசல் நிலையில் இருந்தால், சேகரிப்புப் பொருளாகக் கொண்டுவர விண்ணப்பிக்கலாம். ஏற்றுக்கொண்டால் சுங்கம் இல்லை, வாட் 5 சதவீதம், மொத்தம் 63,000. வித்தியாசம் 16,200 பவுண்டு. ஆரம்பகால 355-கள் இப்போதுதான் அந்த வயதைத் தாண்டுகின்றன. 99 மாடலுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஜப்பானில் பல கார்களின் உயரத்தைத் தாழ்த்தி, வேறு சைலன்சர், வேறு பிரேக் போட்டிருப்பார்கள். அசல் பாகங்கள் பெட்டியில் வருகின்றன என்றால் அவற்றையும் விலையில் சேர்த்து வாங்குங்கள்.

வெளிநாட்டில் பன்னிரண்டு மாதமாவது தொடர்ந்து வசித்துவிட்டு பிரிட்டனுக்குக் குடிபெயர்பவர், ஆறு மாதமாவது தன்னிடமிருந்த காரை வரியில்லாமல் கொண்டுவர விண்ணப்பிக்கலாம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து வேலை மாறி வரும் நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. வந்தபின் ஓராண்டுக்கு விற்கக்கூடாது. ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் பொது விதிப்படி மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய முடியாது, 355-ஐச் சென்னை சாலையில் ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

கார் கரையேறிய 14 நாளுக்குள் நோவா என்ற வாகன வருகை அறிவிப்பு முறையில் பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சி-க்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் எம்ஓடி என்ற வாகனச் சோதனை, வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ-வில் பதிவு. ஜப்பானும் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் முகப்பு விளக்கு பெரும்பாலும் தொந்தரவு தராது. இத்தாலியிலிருந்து வந்தால் மாற்ற வேண்டிவரும். பின்பக்க மூடுபனி விளக்கு பல ஜப்பான் கார்களில் இருக்காது, பொருத்த வேண்டும். வேகம் மைலில் தெரிய வேண்டும். அதற்காக மீட்டரையே மாற்றினால், பழைய மீட்டர் காட்டிய தூரத்தைப் படம் பிடித்து, தேதியோடு ரசீதில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் விற்கும் நாளில் சந்தேகம் உங்கள் மேல் விழும். லண்டனில் இருப்பவர்களுக்கு யூலெஸ் என்ற புகை மாசுக் கட்டணமும் உண்டு. யூரோ 4 என்ற புகைத் தரத்தை எட்டாத பெட்ரோல் கார் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு, 2023 ஆகஸ்டிலிருந்து லண்டனின் எல்லா வட்டாரங்களிலும் இதுதான் நிலை.

ஃபெராரி எட்டாதவர்கள் லான்சியா டெல்டா இன்டெக்ரேலையும் மசெராட்டி 3200 ஜிடியையும் கேட்கிறார்கள். இன்டெக்ரேல் தொழிற்சாலையிலிருந்து வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்ததே இல்லை. ஆகவே ஜப்பானிலிருந்து இடப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தாலும் இதில் நஷ்டம் எதுவும் கிடையாது. முன்கண்ணாடியின் மேல் மூலைகளில் துருவும் விரிசலும் தேடுங்கள். 3200 ஜிடியில் கிராங்க்‌ஷாஃப்ட் முன்னும் பின்னும் அசைகிறதா என்று டயல் கேஜ் என்ற நுண் அளவுகருவி வைத்து அளக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அசைவு அளவு மீறினால் எஞ்சினின் கதை முடிந்தது.

கார் துறைமுகத்துக்கு வந்ததும் அங்கிருந்தே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக எல்லோருக்கும் ஆசை இருக்கும். போகாதீர்கள். மூடிய டிரெய்லரில் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீது இல்லாவிட்டால், மாற்றும்வரை எஞ்சினைத் தேவையில்லாமல் சுற்றவிட வேண்டாம். பெட்ரோலை வடித்து, ஹோஸ்களையும் டயர்களையும் மாற்றி, பிரேக் எண்ணெயைப் புதுப்பித்தபின் எம்ஓடி-க்கு அனுப்பலாம். இந்தச் செலவு முழுவதையும் காரின் விலை பேசும் அன்றே ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஒதுக்க முடியவில்லை என்றால் விலையில் அவ்வளவு குறைத்துக் கேளுங்கள். விற்பவரிடம் ரசீது இல்லை என்பதே அப்படிக் கேட்பதற்குப் போதுமான காரணம்.