மிசிசிப்பி மட் பை: தீஞ்சேற்றடை

உணவக மெனுவில் ‘மிசிசிப்பி மட் பை’ என்று தமிழ் எழுத்தில் பார்த்தால் சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கும். பை என்றால் நமக்குத் தோளில் மாட்டுகிற பை. மட் என்றால் சேறு என்று தெரிந்தவர் பாடு இன்னும் மோசம். மிசிசிப்பிச் சேற்றுப் பை! வெள்ளத்தைத் தடுக்க ஆற்றங்கரையில் அடுக்கும் மணல் மூட்டை போல ஒலிக்கிறது. வந்து சேர்வதோ கன்னங்கரேலென்று ஒரு சாக்லேட் பண்டம். கரண்டியை விட்டால் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வரும்.

மிசிசிப்பி என்பது ஆங்கிலச் சொல் இல்லை. வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் மொழியில் ‘மிசி-சீபி’ என்றால் பேராறு. ஆக ‘மிசிசிப்பி ஆறு’ என்பது பேராற்று ஆறு, நம்மூர் ‘நடுசென்டர்’ மாதிரி. செயின்ட் லூயிஸ் நகருக்குச் சற்று மேலே மிசௌரி ஆறு வந்து கலக்கிறது. அது கொண்டுவரும் வண்டலால் அதற்குக் கீழே நீர் கலங்கிப் பழுப்பாகிவிடும். அந்த ஆற்றின் கிழக்குக் கரையில் அதே பெயரில் இருக்கும் மாநிலம், 1817இல் அமெரிக்காவின் 20ஆவது மாநிலமாகச் சேர்ந்தது. கரையோரக் கருஞ்சேற்றை நினைவூட்டுவதால்தான் பண்டத்துக்கு இந்தப் பெயர் என்கிறார்கள்.

ஆனால் ‘மட் பை’ என்ற தொடர் இந்த இனிப்புக்கு முன்பே ஆங்கிலத்தில் உண்டு. குழந்தைகள் ஈர மண்ணைக் குழைத்துத் தட்டி, சமைப்பதாக விளையாடுவதற்கு அந்தப் பெயர். நம் பிள்ளைகள் சிரட்டையில் மண்ணை அமுக்கிக் கவிழ்த்து இட்லி சுடுகிறார்களே, அதே விளையாட்டு. பழைய தமிழில் இது சிறுசோறு. பெயர் வைத்தவர் ஆற்றையும் இந்த விளையாட்டையும் சேர்த்தே குறும்பு செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பை என்பது மாவால் ஓடு செய்து, அதற்குள் பூரணம் நிரப்பிச் சுடுவது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இருக்கும் சொல். கண்டதையும் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும் மேக்பை பறவையின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். கதை நன்றாக இருக்கிறது, சான்றுதான் போதாது.

மட் பையில் ஓடு மாவால் ஆனதுகூட இல்லை, பெரும்பாலும் பிஸ்கட். ஓரியோ போன்ற கரிய சாக்லேட் பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெய் விட்டுப் பிசறி, தட்டத்தின் அடியிலும் விளிம்பிலும் டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்திப் படியவைப்பார்கள். உள்ளே கசப்புச் சாக்லேட், வெண்ணெய், சர்க்கரை, முட்டை. சிலர் கெட்டி டிகாஷன் ஒரு கரண்டி விடுவார்கள், சாக்லேட்டின் கசப்பை அது தூக்கிக் கொடுக்கும். ஓவனிலிருந்து எடுத்து ஆறவிட்டால் நடுப்பகுதி அமுங்கி, மேல்தோல் கோடைக் கண்மாய் போல வெடிக்கும். கைத்தவறு என்று பதற வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். அதன்மேல் அடித்த க்ரீம். சுடாமல் சாக்லேட் புட்டிங்கோ காபி ஐஸ்க்ரீமோ நிரப்பிக் குளிரவைப்பதும் உண்டு. பண்டம் பரவலானது 1970களில்தான்.

தமிழில் எப்படிச் சொல்வது? சேறு என்றால் அருவருப்பாக இருக்கிறதே என்று ‘சாக்லேட் அடை’ என்று ஒதுங்கிவிடலாம். ஆனால் உலகத்துச் சாக்லேட் பை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும், இந்தப் பண்டத்தின் குறும்பும் போய்விடும். வெட்கப்படவும் தேவையில்லை. சேறு என்ற சொல்லுக்குப் பாகு, இனிய சாறு என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. மதுரைக்காஞ்சியில் இரவு மதுரைக் கடைத்தெருவில் உறங்கும் அப்ப வணிகர்கள் ‘தீஞ்சேற்றுக் கூவியர்’. தீம் என்றால் இனிய. தீஞ்சேறு, இனிப்புப் பாகு. அவர்களைச் சொல்லும் அதே இடத்தில் தேன்கூடு போன்ற ‘மெல்லடை’யும் வருகிறது, மோதகத்துக்குள் வைக்கும் பூரணத்துக்குக் ‘கவவு’ என்ற சொல்லும் வருகிறது.

அதனால் என் தேர்வு: மிசிசிப்பித் தீஞ்சேற்றடை. தோசைக்கல்லில் வார்க்கும் பருப்படையோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள், முன்னால் நிற்கும் தீஞ்சேறு காப்பாற்றிவிடும். கடையில் மட்டும் மட் பை என்றே கேளுங்கள். மாஷ்மெல்லோவும் பெக்கான் கொட்டையும் போட்டுச் செய்யும் ‘மிசிசிப்பி மட் கேக்’ வேறு. அதில் ஓடே கிடையாது, இந்தப் பெயரும் அதற்கு ஆகாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: மாஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும்.